கடலில் போட்ட பெட்டி

பதினோராம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போராட்டத்துக்குச் சில பக்கங்கள்தான். மற்ற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பாடவேளையில் முடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். குடியேறி வாழ்ந்தவர்கள் வரி கட்ட மாட்டோம் என்று பொஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசிய இடம் வந்ததும் என் வேகம் தானாகக் குறைந்துவிடும். ஹட்டனில் நான் படிப்பிக்கும் பள்ளியில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். அந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கை தூக்கும். "டீச்சர், அது நம்ம தேயிலையா?"

இல்லை, சீனத்துத் தேயிலை, அப்போது நம் மலைகளில் வெறும் காடுதான் இருந்தது என்று சொல்வேன். பிள்ளைகளின் முகம் வாடிவிடும். நம்முடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று அவர்களுக்கு ஓர் ஏக்கம். அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏக்கத்தோடு நிற்காமல், பள்ளி நாடகத்தில் நானே ஒரு பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டேன். அது எங்கள் வீட்டுப் பெட்டி. அதற்குள் என்ன ஒளிந்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே. பெய்ய ஆரம்பித்தால் மழைக்கு நிறுத்தத் தெரியாத இடம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவின் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். வெல்லம் கசியும், தீப்பெட்டி நமுத்துப் போகும், பள்ளிக் கொப்பியின் ஓரங்கள் அலை அலையாகச் சுருளும். ஆனாலும் அந்த ஈரவாசனை இன்றைக்கும் எங்காவது வந்துவிட்டால் எனக்கு மனம் இளகிவிடும். ஊரார் இதை நம்புவதில்லை.

அந்த ஈரத்தில் நனையாத ஒரே பொருள் எங்கள் தேயிலைப் பெட்டிதான். ஒட்டுப்பலகையில் செய்து, ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்து, உள்ளே நாலு பக்கமும் ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. அப்பாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பெட்டி அடித்துத் தேயிலை நிரப்புகிற வேலை. எங்கள் காம்பராவில் இருந்தது அவரே தன் கையால் அடித்தது. அம்மாவின் நல்ல சேலைகள், போர்வை, கல்யாணப் படம் எல்லாம் அதற்குள்தான். மற்ற வீடுகளிலும் இப்படிப் பெட்டிகள் இருந்தன. ஆனால் எங்களுடையதில் தோட்டத்தின் பெயர் கறுப்பு மசியில் அழியாமல் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

வரலாறு படிப்பித்த சேர் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் போய்த் திரும்பியவர் என்பதால், அவர் நடந்து போவதைக்கூட நாங்கள் வேலியோரம் நின்று பார்ப்போம். பெற்றோர் விழாவுக்கு வழக்கமாகப் போடுகிற அரிச்சந்திர நாடகம் வேண்டாம், பொஸ்டன் கதையைப் போடுவோம் என்று அவர்தான் சொன்னார். வகுப்பிலேயே பெரிய தொண்டையும் பெரிய வாயும் எனக்கு என்பதால் போராட்டக்காரர்களின் தலைவி நான். தலைவன்தானே என்று ஒருவன் கேட்டான். தலைவியாக இருந்தால் கப்பல் கவிழ்ந்துவிடுமா என்று நான் கேட்டேன். சேர் சிரித்துக்கொண்டே பிரதியில் திருத்திவிட்டார்.

அன்றைக்குக் கப்பலேறியவர்கள் தங்களை யாரும் அடையாளம் காணாதிருக்க அந்த நாட்டுப் பூர்வகுடிகள்போல வேடம் போட்டிருந்தார்கள். அதனால் எங்களுக்கும் தலையில் கோழி இறகு. முகத்துக்குத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுகிறவர்களிடம் அரிதாரம் வாங்கினோம். அரசனின் ஆளுநராக நடித்தவனுக்கு அரைக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் ஒரு பிரம்பு. பார்த்தால் அச்சு அசல் எங்கள் தோட்டத்து மேலாளர், பெரிய துரைதான். பெரிய துரைதான் விழாவுக்குப் பிரதம விருந்தினர் என்பதைச் சேர் கடைசி வாரத்தில்தான் கவனித்தார். காலுறையை மட்டும் கழற்றச் சொன்னார்.

கடல் செய்ததுதான் பெரிய வேலை. கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி கிழிக்காமல், மழை நனைக்காமல் இருக்க இடுப்பில் கட்டுவார்களே, படங்கு, அந்த நீல நிறப் பிளாஸ்டிக் படங்குகளை வீட்டுக்கு ஒன்றாக வாங்கி ஒன்றோடொன்று தைத்தோம். தாய்மார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நிஜத் தேயிலையைக் கொட்டக் கூடாது. பாடுபட்டுப் பறித்தது காலில் மிதிபடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாதாம். அதனால் மானாப்புல்லை நறுக்கிக் காயவைத்து நிரப்புவதென்று முடிவானது.

பெட்டிகள் மூன்று வேண்டும். பள்ளிக் களஞ்சியத்தில் இரண்டு கிடந்தன, இரண்டும் மூடியில்லாமல் கறையான் தின்றவை. ஸ்டோரிலோ அந்த வருடங்களில் பெட்டியை விட்டுவிட்டுக் கடதாசிச் சாக்குக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், கேட்டாலும் கிடைக்காது. மூன்றாவது என் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதே வாரத்தில் இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. வருட முடிவில் பொதுப் பரீட்சை. எழுத அடையாள அட்டை வேண்டும். திங்கட்கிழமை கிராம சேவகர் பள்ளிக்கு வந்து விண்ணப்பங்களை உறுதிப்படுத்துவார், தகப்பனின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லாமல் யாரும் அவர் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று பள்ளி அதிபர் காலைக் கூட்டத்தில் இரண்டு முறை சொன்னார். பரீட்சை எழுதாவிட்டால் எனக்கு அடுத்த வருடம் கூடையும் படங்கும்தான். அம்மா செய்த வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம் என்பதில் எனக்கோ அம்மாவுக்கோ சந்தேகமே இருந்ததில்லை.

அந்தச் சான்றிதழின் கதையை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் போய் நாடு சுதந்திரமானபோது அப்பா தொட்டில் பிள்ளை. அந்த வருடம் முடிவதற்குள் வந்த ஒரு சட்டம், தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கிவிட்டது. வட்டவளை மழையில் பிறந்து, வேறு எந்த மழையையும் பார்க்காத அப்பா, எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டார். அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டது. அப்பா இங்கேயே மனுப் போட்டார். நானுஓயா வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ், நுவரெலியாவில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காத்திருப்பு, இன்னொரு நாள் வா என்ற பதில். இப்படி எத்தனை முறை என்று அவருக்கே நினைவில்லை. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள், கொட்டுகிற மழையில் வெறும் மேலோடு வீட்டுக்கு வந்தாராம். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்ததாம். சட்டையைக் கழற்றி அந்தக் காகிதத்தைச் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாராம்.

அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்டால் அம்மா, பத்திரமாக இருக்கிறது என்று உங்கள் அப்பா சொல்கிறார் என்பார். சுதந்திர தினத்தன்று பள்ளியில் எங்களுக்குக் கையளவுக் கொடியும் பணிஸும் கொடுப்பார்கள். பணிஸை வழியிலேயே தின்றுவிட்டுக் கொடியோடு வருவேன். அப்பா அதை வாங்கி, ஒழுகாத இடமாகப் பார்த்துக் கூரையில் செருகி வைப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

புதன்கிழமை அவரிடம் சான்றிதழைக் கேட்டேன். திங்கட்கிழமை காலையில் கையில் தருவதாகவும் அதுவரை அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். பெட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதில் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மா மலைக்குப் போனார், அப்பா ஸ்டோருக்குப் போனார். நான் பெட்டியில் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டி, மேலே போர்வையை இழுத்து மூடினேன். கூட்டாளி ஒருத்தியோடு பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டேன். வழியெல்லாம் ஒரே சிரிப்பு.

பிற்பகல் விழா. பெண்களுக்கு அன்று அரை நாளோடு விட்டிருந்தார்கள். மண்டபம் நிறைந்து, சன்னலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டும் நின்றார்கள். மேசைகளைச் சேர்த்துக் கப்பல் கட்டியிருந்தோம். கீழே தரையில் கடல். வெளியே பெய்த மழை சுவருக்கு அடியில் புகுந்து, படங்குக்குக் கீழே நிஜமாகவே தண்ணீர் நின்று, தையல் வழியாக மேலேயும் கசிந்தது. நடந்தால் கடல் சளக் சளக் என்றது. பின்னால் கதவோரம் அப்பா நிற்பதைக் கண்டேன். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார், தலைமயிரில் தேயிலைத் தூள். பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் எனக்காக வந்திருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெட்டி ஞாபகமே வரவில்லை.

ஆளுநர் வந்து பிரம்பை ஆட்டியதும் பெண்கள் பக்கம் ஒரே கிசுகிசுப்பு. பெரிய துரையே சிரித்துவிட்டார். நாங்கள் இறகும் அரிதாரமுமாகக் கப்பலேறினோம். முதல் பெட்டி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது தலைவியின் பெட்டி. தோட்டத்தின் பெயர் சபைக்குத் தெரியும்படி அதைத் தலைக்கு மேல் தூக்கினேன். வீசும்போது சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருந்தது. எங்கள் வரியை இனி நாங்களே தீர்மானிப்போம் என்று வரும். இரண்டு வாரமாகத் தூக்கத்தில்கூடச் சொன்ன வசனம். தூக்கிய கையோடு அது மறந்து போனது. வாயில் வேறொன்று வந்தது.

"பொலியோ பொலி!"

புது மலையில் கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது, முதல் பிடியைக் கூடையில் போடுகிற பெண்கள், கொழுந்து பெருகட்டும் என்று சொல்கிற சொல் அது. லீவு நாட்களில் அம்மாவோடு போய்க் கேட்டுக் கேட்டு ஊறியது. தேயிலையைத் தொலைத்துக் கட்டுகிற நேரத்தில், தேயிலை பெருகட்டும் என்று வாழ்த்திவிட்டேன். சேர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் சபையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும், பழக்க தோஷம், "பொலி பொலி" என்று ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெட்டி கடலில் விழுந்து ஒரு பக்கம் பிளந்தது.

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதைக் கண்டேன். இத்தனை பேர் முன்னால் அறை விழப் போகிறது என்று கன்னத்தைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படங்கின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடலில் இறங்கி, பெட்டியின் முன்னால் முழங்காலிட்டார். பிளந்த பலகைக்கும் ஈயத்தாளுக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினார்.

சபை அதை நாடகம் என்றே நினைத்தது. தேயிலையைக் காப்பாற்ற வந்த கம்பெனி ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். கைதட்டினார்கள். ஆளுநராக நடித்தவனும் சளைக்காமல், அந்த ஆளைப் பிடியுங்கள் என்று பிரம்பை நீட்டினான். அதற்கும் கைதட்டல். எனக்குத்தான் மெல்ல விளங்கியது. திங்கட்கிழமை வரைக்கும் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

தட்டையாக மடித்த ஈயத்தாள் பொட்டலம் ஒன்று அவர் கையில் வந்தது. அதன் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அதைப் பிரித்தார். உள்ளே ஒரு காகிதம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், அது சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து, மேசைமேல் நின்ற என்னிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாரு புள்ள. பேரு அழிஞ்சிருச்சா?"

கைதட்டல் நின்றது. மண்டபத்தில் யாரும் யாரையும் அடக்கவில்லை, தானாக நின்றது. அங்கே இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு காகிதம், எங்கோ ஓர் இடத்தில், நனையாமல் இருந்தது. சிலருக்கு அது இன்னும் வந்து சேரவே இல்லை. பெரிய துரை மட்டும் என்ன விஷயம் என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கோழி இறகோடும் காமன் கூத்து அரிதாரத்தோடும் அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் மசி கொஞ்சம் கலங்கியிருந்தது. பெயர் இருந்தது. பிறந்த இடம் இருந்தது. இலங்கைப் பிரஜை என்ற வரி இருந்தது.

"இருக்குப்பா. எல்லாம் இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அரிதாரம் கரைந்து சட்டையெல்லாம் வண்ணம். அப்பா காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே போனார். பெண்கள் எழுந்து அவருக்கு வழி விட்டார்கள். நாடகத்தின் மீதியை நாங்கள் போட்டோமா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

அன்றைக்கு வாங்கவேண்டிய திட்டு முழுவதையும் அம்மாவிடம் வாங்கினேன். குறை வைக்கவில்லை அவர். அப்பா சனிக்கிழமை மதியம் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து பெட்டியைச் சரிசெய்தார். நான் பலகையைப் பிடித்துக்கொள்ள, வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார். மழை விட்டிருந்தது. எதிர் மலையில் ரயில் வளைந்து போவது தெரிந்தது.  மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்தார்.

"அந்தத் தேயிலைய கடல்ல போட்டாங்களே, அவங்க கடைசியில செயிச்சாங்களா?"

செயித்தார்கள் என்றேன். அரசனின் படையோடு சில வருடம் சண்டை போட்டுத் தனி நாடாகிவிட்டார்கள் என்று, பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி ஒப்பித்தேன். அவர் இரண்டு ஆணி அடித்தார்.

"அப்புறம் அவங்களுக்கு யாரு கடுதாசி குடுத்தா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்ன கடுதாசி என்று கேட்டேன். நீ இந்த நாட்டு ஆள்தான் என்கிற கடுதாசி, யாராவது கொடுத்திருக்க வேண்டுமே என்றார். எந்தக் கச்சேரியில் போய் நின்றார்கள் என்று அவர் கேட்காததுதான் பாக்கி.

"யாரும் குடுக்கலப்பா. அவங்களே எழுதிக்கிட்டாங்க."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் சுதந்திரமானவர்கள் என்று எல்லோருமாகக் கூடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் வாசித்தார்கள் என்று நான் விளக்கினேன். அவர் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் செய்யலாமா என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம்தான் கேட்டாரா என்று தெரியவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. வாயிலிருந்த மீதி ஆணிகள் மடியில் விழுந்தன.

திங்கட்கிழமை காலை காகிதத்தை என் கையில் கொடுத்தார். கிராம சேவகர் அதை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. கலங்கிய மசியைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அடையாள அட்டை வந்தது, பரீட்சை எழுதினேன், வரலாற்றில் நல்ல பெறுபேறு. பொஸ்டன் தேயிலைக் கேள்வியும் வந்திருந்தது.

பல்கலைக்கழகத்தில்தான் மீதிக் கதையைப் படித்தேன். அவர்கள் எழுதிக்கொண்ட அந்தத் தாளில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. அவர்களுடைய தோட்டங்களில் பாடுபட்ட அடிமைகளுக்கு இல்லை. யாருடைய வேடத்தைப் போட்டுக்கொண்டு கப்பலேறினார்களோ, அந்தப் பூர்வகுடிகளுக்கும் இல்லை. அன்றைக்கு நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். என் தலையில் இருந்த கோழி இறகும், கடலில் அப்பா முழங்காலிட்டிருந்ததும்தான் கண்ணில் நின்றன. என் பிள்ளைகளுக்கு இதை நான் ஒளிக்காமல் படிப்பிக்கிறேன். ஒரு வாரம் பிடிப்பது அதனால்தான்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். அவரோ வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டியைக் காட்டி, ஒட்டுப்போட்ட பலகையைத் தடவி, எங்கேயோ ஓர் ஊரில் தேயிலையைக் கடலில் போட்டுவிட்டுத் தங்கள் கடுதாசியைத் தாங்களே எழுதிக்கொண்டார்களாம் என்று கதை சொல்லிக்கொண்டிருப்பார். ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் எழுதிக்கொண்டார்களாம் என்று முடிப்பார். அது நான் சொல்லாதது, அவராகச் சேர்த்துக்கொண்டது. சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். பெட்டி இப்போது ஹட்டனில் என் வீட்டில் இருக்கிறது, காகிதம் பழையபடி ஈயத்தாளுக்குப் பின்னால். விடைத்தாளில் ஓர் ஆண்டு மாறினால்கூடச் சிவப்புப் பேனையால் சுழிக்கிறவள் நான். அப்பாவின் அந்த ஒரு பிழையை மட்டும் கடைசிவரை திருத்தவில்லை.